மாண்டேஜ் மேடையில்தான் பிறந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சோவியத் மௌனப்படங்களையும் மாண்டேஜையும் (படத்துண்டுகளை ஒட்டி அர்த்தம் உண்டாக்கும் முறை) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இயக்குநர் குலெஷோவின் எடிட்டிங் சோதனைகள், படச்சுருள் தட்டுப்பாடு, 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' படத்தின் ஒடெஸா படிக்கட்டுக் காட்சி எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட் என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அவரை விட்டுவிட்டால், அந்தப் படத்தை எடுத்த ஐசன்ஸ்டைன் ஏதோ எடிட்டிங் அறையிலேயே பிறந்து வளர்ந்தவர் போல ஆகிவிடுகிறார். ஐசன்ஸ்டைன் நாடகத்திலிருந்து வந்தவர்.

1921-இல் மாஸ்கோவில் மேயர்ஹோல்ட் நடத்திய இயக்குநர் பட்டறையில் அவர் மாணவராகச் சேர்ந்தார். நடிகரின் உடம்புதான் அங்கே பாடம். பயோமெக்கானிக்ஸ் என்று அந்தப் பயிற்சிக்குப் பெயர். கல்லெறிவது, வில்லில் அம்பு எய்வது, கன்னத்தில் அறைவது போன்ற செயல்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியாகத் துலங்கச் செய்யவேண்டும். அதில் 'ஒத்காஸ்' என்று ஒன்று உண்டு. முன்னால் எறிய வேண்டுமென்றால் உடம்பு முதலில் பின்னால் போகவேண்டும்; எழும்பிக் குதிக்க வேண்டுமென்றால் முதலில் தாழ வேண்டும். எதிர்த்திசையில் எடுக்கிற அந்தச் சின்ன அசைவுதான் அடுத்து வரப்போவதற்குப் பார்ப்பவரின் கண்ணைத் தயார்படுத்துகிறது.

இப்போது ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின் போர்க்கப்ப'லில் அந்த இளம் மாலுமியை நினைத்துப் பாருங்கள். அதிகாரிகளின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கிறான். ஒரு தட்டின் விளிம்பில் 'எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற வாசகம். அவர்களுக்குக் கிடைத்ததோ புழு நெளியும் இறைச்சி. தட்டை ஓங்கி உடைக்கிறான். அந்த இடத்தை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கை ஒரு தோளுக்கு மேலிருந்து இறங்குகிறது. அடுத்த துண்டில் மறுபடி ஓங்கியிருக்கிறது, இம்முறை மறு தோள் பக்கம். ஒரே வீச்சைப் பல கோணங்களில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டியிருக்கிறார். இதை வெறும் கத்தரிக்கோல் வேலை என்று என்னால் நினைக்க முடியவில்லை. பட்டறையில் உடம்பு கற்றுக்கொண்டதைத்தான் படச்சுருள் திருப்பிச் செய்கிறது.

இன்னொன்று. 1923-இல் புரோலெட்கல்ட் (தொழிலாளர் கலாசார இயக்கம்) அரங்கில் ஆஸ்த்ரோவ்ஸ்கியின் பழைய நகைச்சுவை நாடகம் ஒன்றை ஐசன்ஸ்டைன் சர்க்கஸாகவே மாற்றிப் போட்டார். அலெக்ஸாந்த்ரோவ் பார்வையாளர்களின் தலைக்கு மேலே கம்பியில் நடந்தார். பின்னாளில் ஐசன்ஸ்டைனோடு சேர்ந்து படம் இயக்கியவர் இவர்தான். நாடகம் முடியும்போது இருக்கைகளுக்கு அடியில் பட்டாசு வெடித்தது. நடுவே 'குளூமோவின் நாட்குறிப்பு' என்று ஒரு குட்டிப்படம் வேறு. ஐசன்ஸ்டைன் எடுத்த முதல் படமே அதுதான்! அந்த நாடகத்தை முன்வைத்துத்தான் 'லெஃப்' இதழில் 'ஈர்ப்புகளின் மாண்டேஜ்' (பார்வையாளரை உலுக்கும் தருணங்களை வரிசையாகக் கோர்ப்பது) என்ற கட்டுரையை எழுதினார். அப்போது அவர் முழுநீளப் படம் ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை. அப்புறம் 1924-இல் 'எரிவாயு முகமூடிகள்' நாடகத்தை மாஸ்கோவின் நிஜ எரிவாயு ஆலைக்குள்ளேயே போட்டார். நிஜ இயந்திரங்களுக்கு முன்னால் நடிப்பு எடுபடவில்லை, நாடகம் தோற்றது. அந்தத் தோல்விதான் அவரை 'வேலைநிறுத்தம்' என்ற முதல் முழுநீளப் படத்துக்குத் தள்ளியது. படத்திலும் நிஜ ஆலையே வந்தது, நடிகர்களும் அதே புரோலெட்கல்ட் ஆட்கள்தான்.

இது ஐசன்ஸ்டைன் ஒருவரின் கதையும் அல்ல. 1922-இல் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கோகோலின் 'திருமணம்' நாடகத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட ஃபெக்ஸ் நாடகக் குழுவில் கோசின்ட்செவுக்கு வயது 17. அவரும் த்ராவ்பெர்க்கும் நான்கே ஆண்டுகளில் 'மேல்கோட்டு' படத்தை எடுத்துவிட்டார்கள்.

குலெஷோவின் பங்கை நான் குறைத்துப் பேசவில்லை. படத்துண்டுகளை ஒட்டினால் என்ன அர்த்தம் பிறக்கும் என்று காட்டியவர் அவர். சரி, அந்தத் துண்டுக்குள் இருக்கும் மனித உடம்பு எப்படி அசைய வேண்டும்? அதற்கு மேடைக்குத்தான் போகவேண்டும்.

மேயர்ஹோல்ட் 1939 ஜூனில் கைது செய்யப்பட்டு, 1940 பிப்ரவரி 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைச் சொல்லவே ஆட்கள் பயந்த அந்த நாட்களில், அவருடைய காகிதங்களை வாங்கித் தன் ஊர்ப்புற வீட்டில் ஒளித்துவைத்தவர் ஐசன்ஸ்டைன். அவை பிழைத்தன. தங்கள் இதழ் அடுத்த மாதமே மேயர்ஹோல்ட் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்