வசந்தாவுக்கு, உன் காபிக் கட்டுரை பற்றி

அஸ்தம்பட்டி, சேலம்
9.10.2025

அன்புள்ள வசந்தா,

நாங்கள் நலம். அண்ணனுக்கு முட்டி வலி பரவாயில்லையா? சின்னவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பேரன் பகலெல்லாம் என்னிடம்தான். அவன் தூங்கும் நேரத்தில்தான் நீ இணையத்தில் எழுதுவதை எல்லாம் படிக்கிறேன். கோடை மழைக்குப் பிறகு ஏற்காட்டில் உங்கள் நாகலூரில் காபி பூத்து, சரிவு முழுக்க மல்லிகை மாதிரி மணப்பதை எழுதியிருந்தாயே, அதைச் சின்னவளிடம் சத்தமாகவே படித்துக் காட்டினேன். எத்தனை வருஷமாக உன்னை எழுது எழுது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

அச்சகத்தில் புரூஃப் பார்த்தே காலம் போனவள் நான். அதனால் சில இடங்களில் கண் தானாக நின்றுவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

"இப்போது பார்ச்மென்ட் நல்ல விலை போகிறது" என்று, உள்தோல் நீக்காமல் காயவைத்த காபிக் கொட்டையைப் பற்றி எழுதியிருக்கிறாய். இப்போது என்றால் எந்த மாசம்? கிலோவுக்கா, 50 கிலோ மூட்டைக்கா? பேப்பரில் வந்தால் பக்கத்தின் தலையிலேயே தேதி இருக்கும். பழசானால் பொட்டலம் கட்டப் போய்விடும், அதை நம்பி யாரும் வியாபாரம் பேச மாட்டார்கள். போனில் வருவதற்கு அந்த வயசு தெரிவதில்லை. நீ எழுதியதை ஒருத்தர் இரண்டு வருஷம் கழித்துத் தேடி எடுப்பார். இன்னொருத்தர் நடுவில் நாலு வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போடுவார். அங்கே உன் பெயரே இருக்காது, அப்புறம் தேதிக்கு எங்கே போவது? அதனால் தேதி, இடம், அளவு மூன்றும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கட்டும். "இன்று", "சமீபத்தில்", "தற்போது" எல்லாம் எழுதுகிற உனக்குத்தான் புரியும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வீடியோ போன மாசம் எங்கள் தெருக் குழுவில் வந்தது. மேலே "இன்று காலை ஏற்காடு பாதை மூடல்" என்று இருந்தது. எதிர்வீட்டுப் பெண் உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க மேலே வரக் கிளம்பியவள், அதைப் பார்த்துவிட்டுப் பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். அன்றைக்கு அதை எழுதியவர் பொய் எழுதவில்லை. தேதியையும், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதன் பக்கம் சரிந்தது, குப்பனூர் வழியில் வரலாமா என்பதையும் எழுதாமல் விட்டார், அவ்வளவுதான். மேட்டூர் 120 அடியைத் தொட்டது என்று வரும் படங்களும் இதே கதைதான். எந்த வருஷத்துத் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்?

என்னை ரொம்பக் கவலைப்படுத்தியது, காபிச் செடியைக் குடையும் வண்டான தண்டுத் துளைப்பான் பற்றிய பத்தி. "பத்து லிட்டர் தண்ணிக்கு ஒரு மூடி கலந்து அடித்தால் போதும்" என்று இருக்கிறது. எந்த மருந்து, எந்தப் பாட்டிலின் மூடி? கால் லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மூடி, ஒரு லிட்டர் பாட்டிலுக்கு வேறு மூடி. உன் தோட்டத்து ஆளுக்கு எது என்று தெரியும், அவன் வருஷக்கணக்காக அதையே கையாளுகிறவன். எங்கேயோ முதல் தடவையாக அடிக்கப்போகும் பையன் கையுறைகூட இல்லாமல் கிடைத்த மூடியில் ஊற்றுவான். அதோடு, காபியில் இரண்டு வகை உண்டே, வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அரபிகாவைத்தான் பிடிக்கும், ரோபஸ்டாவை அவ்வளவாகத் தொடாது. நீ எந்தச் செடி என்றே சொல்லாததால், வயநாட்டில் ரோபஸ்டா வைத்திருப்பவர் வீணாக மருந்து வாங்குவார். வண்டு உள்ளே போன செடியைத் தண்டில் வளையமாகப் புடைத்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்து, வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும், நிழல் குறைந்த இடத்தில்தான் அதிகம் வரும் என்று போன தடவை வந்தபோது நீயேதானே எனக்குச் செடியைக் காட்டிச் சொன்னாய்! அதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. வண்டு வெளியே பறக்கும் காலம் ஏப்ரல்-மே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது இந்த வாரமே யாராவது இதைத் தேடிப் படிக்கலாம். அந்த மூடிக் கணக்கை இன்றைக்கே எடுத்துவிடு. மருந்து அளவு எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் காபி போர்டு பரிந்துரையைப் பார்த்து, மருந்தின் பெயரோடு மில்லிக் கணக்கில் எழுது.

எடுத்தால் சத்தமில்லாமல் எடுக்காதே. "இந்தத் தேதியில் இந்த வரியை நீக்கினேன், காரணம் இது" என்று அடியில் எழுது. முன்பே படித்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் அவருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளைப் பற்றி நீ எழுதியது மட்டும் தெளிவாக இருந்தது. கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் ஊகித்ததை மற்றவர்கள் பார்த்து எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பத்து இடத்தில் இருப்பதால் பத்து சாட்சி ஆகிவிடாது. அவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நீ பக்கத்து ஊர்ப் பெரியவர்களையே கேட்டு எழுதியிருக்கிறாய். காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த 1820-களில் காபி வந்ததைச் சொல்லும் பகுதிக்கும் எங்கே படித்தாய் என்று ஒரு வரி சேர்த்துவிடு.

அப்புறம், எழுத்தை எல்லாம் படமாக்கிப் போடுவதை விட்டுவிடு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கொழுந்தனாருக்குக் கண் போனதிலிருந்து போன் படித்துச் சொல்லித்தான் கேட்கிறார். உன் பூ மழைப் பத்தி வந்ததும் அது "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டது. நான்தான் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். அதே வரிகளைச் சாதாரண எழுத்தாகப் போட்டால் அவரும் கேட்பார், தேடுகிறவருக்கும் கிடைக்கும்.

"படித்தால் அதிர்ந்து போவீர்கள்" என்று தலைப்பு வைத்தால் நிறையப் பேர் வருவார்கள் என்று உன் பையன் சொன்னானாமே. வேண்டாம் வசந்தா. ஒரு தடவை ஏமாந்தவர் உன் பெயரைப் பார்த்தாலே தள்ளிவிட்டுப் போய்விடுவார். "சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிக்கும் காலம்" என்றே இருக்கட்டும். வேண்டியவர் வருவார்.

பறிப்பு தொடங்கியதும், பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்தில் போடுவதிலிருந்து களத்தில் காய்வது வரை ஒரு முழுக் கட்டுரை எழுது. அதைப் பற்றித் தமிழில் விவரமாக நான் படித்ததே இல்லை. போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். தீபாவளிக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு கீழே வா. இங்கே முட்டிக்கு ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், காட்டிவிடலாம்.

அன்புடன்,
ராஜேஸ்வரி