தண்ணி ஏறிடும் சார்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு மாலை

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பாண்டி அரசுப் பள்ளிகளுக்கு சி.பி.எஸ்.இ. வந்ததிலிருந்து ஓவியம், நாடகம், இசை, நடனம் நாலையும் ஒரே கலைப் புத்தகத்தில் சேர்த்துவிட்டார்கள், இந்த வயதில் என்னை ஆடச் சொல்கிறார்கள் என்று புலம்பியிருந்தாய். அதைக் கற்பனை செய்து பார்த்து வீட்டுக்காரியும் நானும் சிரித்தோம். எனக்கு அந்தக் கவலை இல்லை. 2012-இல் ஐயாயிரம் ரூபாய்க்குச் சேர்ந்த அதே பகுதிநேர டிராயிங் மாஸ்டர், வாரம் மூன்று அரை நாள். சம்பளம் ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பரீட்சை நெருங்கினால் "இந்த ஒரு பீரியடு மட்டும் சார்" என்று கணக்கு டீச்சர் வாசலில் நிற்பது மட்டும் மாறவே இல்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்பில் "பிடிச்சதை வரைங்க" என்றேன். திரும்பின பக்கமெல்லாம் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை மரம். கடலூரில் ஏதடா மலை? இங்கே சூரியன் கடலிலிருந்துதானே வருகிறது? வெறுத்துப்போய் நானே போர்டில் ஒரு படகு போட்டேன். பாதி நிலா மாதிரி அடிப்பாகம், மேலே ஒரு முக்கோணப் பாய். கடைசி பெஞ்சிலிருந்து தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன், "சார், இந்தப் போட்டுல தண்ணி ஏறிடும்" என்றான்.

சாக்பீஸை அவனிடம் கொடுத்தேன். முன்பக்கக் கோட்டை அழித்துவிட்டு மேலே இழுத்தான். "அணியம் இவ்ளோ தூக்கணும் சார், அலை அடிக்கும்ல." பின்னால் இன்ஜின், அதிலிருந்து நீளமாக ஒரு தண்டு சரிந்து தண்ணீருக்குள் போகிறது, நுனியில் காத்தாடி. வலைக் குவியலுக்கு அவன் போட்ட கிறுக்கல் இருக்கிறதே, கல்லூரியில் நாம் ஒரு வருடம் அடித்துக்கொண்டோமே அந்தக் கோடு. முதலில் சிரித்த வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. ஜூன் மாதம் "எனக்கு வரைய வராது சார்" என்று வெள்ளைத் தாளை நீட்டினவன் இவன்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீடு வரைந்தால் சுவரைத் தாண்டி உள்ளே அம்மா சமைப்பது தெரியும், பஸ்ஸுக்கு நாலு சக்கரமும் தெரியும். அதற்கு வெட்கம் கிடையாது. பத்து, பன்னிரண்டு வயதில் கண் முந்திக்கொள்கிறது, கை பின்தங்கிவிடுகிறது. வரைந்தது தப்பு என்று தெரிகிறது, சரி எதுவென்று தெரியவில்லை. பிள்ளைகளின் படங்களை ஆராய்ந்த லோவன்ஃபெல்டு 1947-லேயே இதை வயதுவாரியாகப் பிரித்து எழுதிவிட்டார். நாம் அதைப் பரீட்சைக்குப் படித்து மறந்துவிட்டோம். அந்த மலையும் சூரியனும் பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும் இடம் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாத படம் அல்லவா?

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டி ஆரம்பித்த புதிதில் ஒரு பெண், மீன் விற்கும் ஆயாவை வரைந்தாள். முகத்தைவிடக் கை பெரியது. போட்டிக்குப் போகிற படமாயிற்றே என்று பென்சிலை வாங்கிக் கையைச் சின்னதாக்கினேன். பரிசும் வந்தது. அதற்கப்புறம் எந்தப் படத்தை ஆரம்பித்தாலும் அவளே பென்சிலை என்னிடம் நீட்டுவாள்.

செல்போனில் படம் காட்டிக் காப்பியடிக்க விடலாமா என்று கேட்டிருந்தாயே. விடு, ஆனால் அதோடு நிறுத்தாதே. நாமும் ஃப்ரீஹேண்ட் பரீட்சைக்கு ஒரே ஜாடியை இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை அழித்து அழித்துப் போட்டவர்கள்தான். உன் வகுப்பில் "வராது" என்கிற பெண்களிடம் மார்கழியில் என்ன கோலம் போட்டாய் என்று கேட்டுப் பார். பதினைந்து புள்ளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கணக்குச் சொல்வார்கள். என் வகுப்பில் கலர் பெட்டி வாங்க வசதி இல்லாததால் மஞ்சள்தூளில் சுண்ணாம்பைக் குழைத்தோம். அது சிவப்பாக மாறினபோது போட்ட சத்தத்தில் ஹெச்.எம். எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. பிள்ளைகளை விழுப்புரம் பக்கம் இருக்கிற பனமலைக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறேன். பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டின தாளகிரீசுவரர் கோயில், ஏறக்குறைய 1300 வருடம். குடைக்குக் கீழே ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்றபடி அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அந்தச் சுவரோவியம். ஆடுகிற சிவன் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டார். பார்க்கிறவள்தான் மிச்சம். நீயும் பாண்டியிலிருந்து விழுப்புரம் வந்துவிடு, வேனில் ஏற்றிக்கொள்கிறேன். வரும்போது ஆசிரமத்துக் கைக்காகிதம் வெட்டுத் துண்டுகள் கிடைத்தால் ஒரு கட்டு எடுத்து வா. கோயில் குன்றின் மேல் இருக்கிறது. மலை எப்படி இருக்கும் என்று இதுகள் ஒரு தடவை நேரில் பார்க்கட்டும்.

உன்
மாப்ளே