அது பிரானா இல்ல சார், பல்லைப் பாருங்க

எடிட்டர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல மனுஷனைக் கடிக்கிற பிரானா மீன் வலையில சிக்குச்சுன்னு போட்டோவோட பெருசா செய்தி போட்டிருந்தீங்க. தட்டு மாதிரி உடம்பு, சிவப்பு வயிறு, அவ்வளவு தான் பாத்திருக்காங்க போல. ஆனா அதே போட்டோவுல வாய் லேசா திறந்திருக்கு, உள்ள இருக்கிற பல்லு நம்ம கடைவாய்ப் பல்லு மாதிரியே சதுரமா தட்டையா இருக்கு. பிரானா பல்லு அப்படி இருக்காது சார், முக்கோணமா கூரா இருக்கும், வாய மூடினா மேல் வரிசையும் கீழ் வரிசையும் கத்திரிக்கோல் மாதிரி சேர்ந்துக்கும், கீழ்த்தாடை முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். நீங்க போட்டது பாக்கு மீன், ரூப்சந்த்னும் சொல்வாங்க. பேரும் பாக்கு, அது கடிச்சு உடைக்கிறதும் பழத்தையும் கொட்டையையும் தான். ரெண்டுக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா, சொந்தக்கார மீன் வேற, அதனால குழம்புறது நியாயம் தான், இருந்தாலும் ஊரையே பயமுறுத்துற முன்னாடி வாயத் திறந்து ஒரு தடவை பாத்திருக்கலாம்.

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல, பல வருஷமா தூண்டில் போடுறேன், அந்த அனுபவத்துல சொல்றேன், மீன அடையாளம் பாக்குறதுல கலர மட்டும் நம்பவே கூடாது. சாம்பல் கலர்ல திரியிற ஜிலேபி, இனப்பெருக்க சமயத்துல ஆண் மீனா இருந்தா கன்னங்கரேல்னு ஆயி துடுப்பு ஓரம் சிவந்துடும், பாக்குறவங்க வேற ஜாதின்னே சொல்லுவாங்க. செத்த மீனும் சீக்கிரம் வெளுத்துடும். அதே ஜிலேபியில நைல் திலாப்பியாவ பிரிச்சுப் பாக்கணும்னா வால விரிச்சுப் பாருங்க, வால் துடுப்புல செங்குத்தா வரி வரியா ஓடும், சாதா ஜிலேபிக்கு அப்படி ஒழுங்கான வரி கிடையாது.

என்னைக் கேட்டா முதல்ல பாக்க வேண்டியது வாய் தான். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் குட்டியா இருக்கும்போது ஒண்ணாக் கொட்டி வச்சா தலையே சுத்தும். கட்லாவுக்கு பெரிய தலை, அகலமான வாய், அதுவும் மேல பாத்து இருக்கும், ஏன்னா அது தண்ணி மேல்மட்டத்துல மேயுற மீன், மீசை சுத்தமா கிடையாது. மிர்கால் அடியில மேயும், வாய் கீழ்ப்பக்கமா இருக்கும், உதடு மெல்லிசு, உடம்பும் ஒல்லி. ரோகு நடுமட்டம், அதோட உதட்டு ஓரம் பிசிறு பிசிறா குஞ்சம் வச்ச மாதிரி இருக்கும், அத ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் மாறவே மாறாது. சாதாக் கெண்டைக்கு நாலு மீசை, நீளமான முதுகுத் துடுப்பு. வெள்ளிக் கெண்டைக்கு செதில் ரொம்பப் பொடிசு, கண்ணு தலையில கீழ இறங்கி இருக்கும், யாரோ தப்பா ஒட்டி வச்ச மாதிரி.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க. தேளியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ரெண்டுமே செதில் இல்லாத வழுவழு உடம்பு, ரெண்டுக்கும் எட்டு மீசை. ஆனா கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாடி ஆரம்பிச்சு வால் கிட்ட வரைக்கும் ஓடும், தேளிக்கு முதுகுல ஒரு சின்னத் துடுப்பு மட்டும் தான். அத கவனிக்காம தேளிய கையில அமுக்கிப் பிடிச்சா பக்கத் துடுப்பு முள்ளு விஷத்தோட ஏறிடும். எனக்கு ஏறியிருக்கு, அந்த வலி மறக்காது.

துடுப்புல எத்தனை முள்ளுன்னு எண்ணி இனம் பிரிக்கிறத முறையா செஞ்சவர் பீட்டர் ஆர்ட்டெடின்னு ஒரு ஸ்வீடன்காரர், பாவம் 1735ல ஆம்ஸ்டர்டாம் கால்வாயில விழுந்தே செத்துப் போனாரு, முப்பது வயசு தான். அவர் எழுதி வச்சத, உயிரினங்களுக்கு ரெட்டைப் பேரு வைக்கிற முறைய நிலைநிறுத்தின அவரோட நண்பர் லின்னேயஸ் தான் 1738ல அச்சுல கொண்டு வந்தாரு. இப்பவும் அந்த மாதிரி எண்ணித் தான் பாக்குறாங்க, உடம்போட ரெண்டு பக்கமும் நீளவாக்குல ஓடுற பக்கக் கோட்டுல இருக்கிற செதிலையும் சேத்து.

அதனால உங்க நிருபர்கள் கிட்ட சொல்லுங்க சார், மீன தூக்கிப் பிடிச்சு சிரிக்கிற ஆளோட போட்டோ மட்டும் போதாது, பக்கவாட்டுல படுக்க வச்சு துடுப்ப விரிச்சு ஒண்ணு, வாய் கிட்டத்துல ஒண்ணு, முடிஞ்சா பக்கத்துல ஒரு ஸ்கேலும் வச்சு எடுக்கச் சொல்லுங்க. அதே மாதிரி உடம்பெல்லாம் எலும்புத் தகடும் அடியில உறிஞ்சுற வாயுமா இருக்கிற சக்கர் மீன ஒவ்வொரு தடவையும் "அதிசய மீன்"னு போடாதீங்க, அது தொட்டியில வளக்குற மீன், யாரோ ஆத்துல கொண்டு வந்து விட்டது. வெளிநாட்டு மீன் இங்க எப்படி வந்துச்சு, நம்ம மீனுக்கு என்ன ஆகும்னு எழுதுங்க, செய்தி அதுல தான் இருக்கு.

பாக்கு மீன் செய்திக்கு ஒரு சின்னத் திருத்தமாவது போட்டுடுங்க. எங்க தெருப் பசங்க அதப் படிச்சதுல இருந்து தண்ணியில கால வைக்க மாட்டேங்குறானுங்க.

இப்படிக்கு,
தினமும் உங்க பேப்பர் படிக்கிற ஒரு தூண்டில்காரன்