அந்த முட்டைகளை யாரும் கைவிடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில், உப்பள வரப்பில் கிடந்த இரண்டு முட்டைகளைப் படம் பிடித்துப் போட்டு, கீழே 'தாய் கைவிட்ட கடற்புறா முட்டைகள்' என்று எழுதியிருந்தீர்கள். அது கடற்புறாவும் இல்லை, யாரும் கைவிடவும் இல்லை. பக்கத்துப் படத்தில் அலகைத் திறந்து கத்திக்கொண்டு பறப்பது யார் என்று நினைத்தீர்கள்? மஞ்சள் அலகு, நுனியில் கறுப்பு, கறுப்புத் தொப்பிக்குக் கீழே வெள்ளை நெற்றி. சின்ன ஆலா என்கிற நீர்ப்பறவை. 1764இல் பல்லாஸ் என்ற விலங்கியல் அறிஞர் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'ஆல்பிஃப்ரான்ஸ்' என்று வருவதற்கும் வெள்ளை நெற்றி என்றுதான் அர்த்தம்.

தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். கணக்கை விட ஆலாவைப் பார்த்ததுதான் அதிகம் என்று முதலாளி சொல்வார். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பறவையின் எடை ஐம்பது, அறுபது கிராம். ஒரு கோழிமுட்டைக்கு மேல் தேறாது. கூடு என்றால் குச்சியும் பஞ்சும் கிடையாது. நெஞ்சை மண்ணில் அழுத்திச் சுற்றிச் சுற்றித் தேய்த்த பள்ளம், சில சமயம் ஓரத்தில் நாலு கிளிஞ்சல். அதில் காடை முட்டை அளவில் இரண்டு அல்லது மூன்று, மண் நிறத்தில் கரும்புள்ளியோடு. காலடியில் இருந்தாலும் தெரியாது. ஜோடி சேரும் நாளில் ஆண் ஒரு பொடி மீனைக் கவ்விக்கொண்டு பெண்ணுக்கு முன்னால் பறந்து காட்டும். பெண் அதை வாங்கித் தின்றால் சரி, பேச்சு முடிந்தது. அப்புறம் இரண்டும் மாறி மாறி மூன்று வாரம் உட்காரும்.

உட்காருவது சூடு கொடுக்க மட்டும் இல்லை. மே மாத மதியம் எங்கள் வரப்பில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்த வெயிலில் முட்டைக்கு வேண்டியது நிழல். பறவை இறக்கையைக் கொஞ்சம் விரித்துக் குடை மாதிரி நிற்கும். நடுவில் தண்ணீருக்குப் பறந்து, வயிற்றை முக்கி நனைத்துக்கொண்டு ஓடிவந்து மறுபடி உட்காரும். அதை எழுப்பிவிட்டு ஆள் பக்கத்திலேயே நின்றால் முட்டை வெந்துபோகும். உங்கள் படத்தில் முட்டைகளுக்குப் பக்கத்தில் குட்டையாகக் கிடக்கும் நிழல் புகைப்படக்காரருடையது. அப்படியானால் நேரம் உச்சி வெயில்.

எங்கள் அளத்தில் உப்பு சுமக்கும் அக்காமார் கூட்டைக் கண்டால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிடுவார்கள். "ஆலா முட்டை போட்டிருக்கு, பாத்து மிதி" என்று பின்னால் வருகிறவருக்குக் குரல் போகும். தலையில் சுமையோடு சுற்றிக்கொண்டுதான் போவார்கள். ஆலா சும்மா விடுமா? தலைக்கு மேலேயே பாய்ந்து பாய்ந்து வரும், எச்சமும் போடும். கோடை மழை ஒன்று அடித்தால் உப்பும் போச்சு, முட்டையும் போச்சு. நாங்கள் பாத்தியைச் சரிசெய்வதற்குள் அது வேறு மேட்டில் புதுப் பள்ளம் தேய்த்துக்கொண்டிருக்கும்.

குஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொரித்து ஓரிரு நாளில் பள்ளத்தை விட்டு நடந்துவிடும். ஆள் வந்தால் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும். 'அனாதைக் குஞ்சு' என்று எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். தாயும் தகப்பனும் மீனோடு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் போனால் அதுவே பறந்திருக்கும்.

பறவை முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குள்ளேயே சேர்த்திருக்கிறது. வழக்குப் போடச் சொல்லி இதை எழுதவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு பத்துப் பேர் செல்போனோடு வரப்பில் இறங்குவார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போகும் பொட்டலச் சோற்றுக்குக் காகமும் நாயும் வரும். அதுதான் பயம்.

'கைவிட்ட' என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடத்தின் பெயரை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். புகைப்படக்காரருக்கு ஆட்சேபம் இருந்தால், வரப்பை விட்டு நன்றாகத் தள்ளி, பம்புசெட் கொட்டகை மாதிரி ஏதாவது மறைவில் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். கத்துகிற சத்தம் நிற்கும். வயிறு நனைந்த ஒரு பறவை அந்தப் பள்ளத்தில் வந்து இறங்கும். அந்தப் படத்தை வேண்டுமானால் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப்பளக் கணக்கர்,
தூத்துக்குடி.