வரைவைத் திருத்த வேண்டும்

நண்பர்களே, நம் பகுதியை மேம்படுத்தப் போட்ட வரைபடத்தில் பூங்கா, சைக்கிள் பாதை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அதனால் வாடகை ஏறினால் இப்போது குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இதற்கு ஒரு வழியாக, சமூக நில அறக்கட்டளை முறையைப் படித்துவிட்டு வாருங்கள். நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும், வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் இந்த முறையைக் கையாண்ட டட்லி தெரு மக்கள் அமைப்புக்கு 1988-இல் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரமே கிடைத்தது. குடியிருப்பவர்களே கேட்டு வாங்கிய அதிகாரம் அது!

அப்புறம், கருத்துக் கேட்க வீடுவீடாகப் போகும்போது வரைபடத்தை முதலில் நீட்டாதீர்கள். அவர்கள் பேசட்டும், குறிப்பாக வாடகைக்கு இருப்பவர்கள். யார் எந்தத் தெருவுக்குப் போகிறீர்கள் என்று சனிக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள்.