படிகாரக் கல்லைக் கீழே வையுங்கள்: சலூன் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சலூன் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும், அங்கே கத்தரியும் கத்தியும் பிடிக்கிற தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் நாற்காலிகளில் தலையைக் கொடுத்து வருபவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தினத்தந்தியின் நடுப்பக்கம் யார் கையில் இருக்கிறது என்று நோட்டம் விட்டபடி பெஞ்சில் இடம் பிடித்தவன். மறுநாள் நேர்முகத் தேர்வை வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை உங்களுக்கு விடுமுறை என்பதை மறந்துபோய், பூட்டிய கதவுக்கு முன்னால் நான்கு நாள் தாடியோடு நின்றவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் பெரிய தொலைக்காட்சி. சவரம் செய்த தம்பி கைதேர்ந்தவர். புது பிளேடை என் கண் முன்னால் உறை பிரித்து, இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகினார். அதுவரை ஒரு குறையும் இல்லை. முடித்ததும் மேசையில் கிடந்த படிகாரக் கல்லை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவருக்குத் தாடையில் சின்ன வெட்டு விழுந்ததையும், ரத்தம் நிற்க அதே கல்லை அழுத்தியதையும் பெஞ்சிலிருந்து நான் பார்த்திருந்தேன். கையை நீட்டித் தடுத்து, “தம்பி, ஆஃப்டர் ஷேவ் இல்லையா?” என்றேன்.

“அதை இப்போது யாரும் கேட்பதில்லை சார். பாம் இருக்கிறது, போடட்டுமா?”

பாம் என்றதும் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருக்கு அது குண்டு என்று காதில் விழுந்திருக்க வேண்டும். அது கன்னத்தில் தடவும் வெள்ளைக் களிம்பு என்று தெரிந்த பிறகும் அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. எனக்கும்தான்.

யாரும் கேட்பதில்லை என்ற அந்த ஒரு வாக்கியம் வீடு வரை கூடவே வந்தது. கேட்பதற்கு எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததே நீங்கள்தானே?

எனக்கு முதன்முதலில் அதை ஊற்றியவரும் ஒரு சலூன்காரர். கல்லூரியில் சேர்ந்த புதிது. உள்ளங்கையில் ஐம்பது பைசா அளவுக்கு லோஷனை ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்து, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் என் இரண்டு கன்னத்திலும் பட்டென்று அறைந்தார். கண்ணில் நீர் முட்டியது. “எரிகிறதா? அப்படியென்றால் சுத்தமாக மழித்திருக்கிறேன் என்று அர்த்தம்” என்றார். பல ஆண்டுகள் அதை நம்பினேன். உண்மை நேர்மாறானது என்பது பிறகுதான் தெரிந்தது. கத்தி பதமாகப் போன முகத்தில் எரிச்சல் குறைவு. தோலைச் சுரண்டியிருந்தால்தான் தீயாய் எரியும். மனிதர் தன் குறையைத் தன் திறமையாக எனக்கு விற்றிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று நான் வீட்டுக்குப் போன நடையே வேறு.

அந்த எரிச்சலின் கதை வேடிக்கையானது. நம் தோலின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு வாயில் இருக்கிறது. டி.ஆர்.பி.வி.1 என்று அதற்குப் பெயர். சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் அது திறந்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சேதி அனுப்பும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்பின் சூடோ 37 டிகிரி. அதாவது, லோஷன் நம்மைச் சுடுவதில்லை. நம் உடம்பின் சொந்தச் சூடே நமக்குச் சுடுகிறது. மிளகாயைக் கடித்தால் எரிவதும் இதே வாயில் வழியாகத்தான். மிளகாயின் காரத்தைக் கொண்டு அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எரிச்சல் அடங்கிய மறுநொடி ஒரு குளிர்ச்சி வருமே, அது ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதால் வருவது. புதினா உப்பு கலந்த லோஷன் என்றால் குளிரை உணரும் இன்னொரு வாயிலும் திறந்துகொள்கிறது. முதலில் தீ, பிறகு பனி, கடைசியில் மணம். மூன்றும் பத்து நொடிக்குள் முடிந்துவிடும்.

மணம் என்றால் எங்கள் தலைமுறைக்கு இரண்டு பெயர்கள்தான். துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் பக்கத்து வீட்டு மாமாவின் பெட்டியில் கோடாரித் தைலத்துக்கும் டார்ச் விளக்குக்கும் நடுவில் புரூட் இருக்கும். பச்சைப் பாட்டில், கழுத்தில் பதக்கம் தொங்கும். 1964இல் ஃபேபர்ஷே நிறுவனம் கொண்டுவந்தது அது. மற்றொன்று ஓல்டு ஸ்பைஸ். வெள்ளைப் பாட்டில், அதில் ஒரு பாய்மரக் கப்பல். அமெரிக்காவின் ஷூல்டன் நிறுவனம் 1937இல் அந்தப் பெயரை முதலில் பெண்களுக்காகத்தான் அறிமுகப்படுத்தியது. ஆண்களுக்கு வந்தது மறு ஆண்டு. 1990இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் அதை வாங்கியது. நாம் இங்கே வாங்கிய பாட்டில்களோ நெடுங்காலம் கோவாவில் தயாரானவை. அந்தப் பழைய மணத்தைத் தேடும் வெளிநாட்டுக்காரர்கள் இந்தியப் பாட்டிலை வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள் என்று அறிந்தபோது எனக்கு வந்த பெருமையை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். பெயரிலேயே பழைய மசாலா. கிராம்பும் பட்டையும்தான் அதில் தூக்கலாக இருக்கும். நான் அதைப் பூசிக்கொண்டு திண்ணையைக் கடந்தபோதெல்லாம் எங்கள் அப்பாயி, “பல் வலியா அய்யா?” என்று கேட்பார்.

அந்த வழக்கம் எப்படிப் போனது? தாடியால் போனது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓரளவு உண்மை. ஒரு காலத்தில் நம் ஊரில் தாடி வைத்தவன் ஒன்று மாலை போட்டிருப்பான், அல்லது காதலில் தோற்றிருப்பான், அல்லது துக்க வீட்டுக்காரனாக இருப்பான். இன்று மாப்பிள்ளையே மணமேடையில் தாடியோடு உட்காருகிறார். 2019இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் தன் ஜில்லெட் வணிகத்தின் மதிப்பைக் கணக்கில் 800 கோடி டாலர் குறைத்து எழுதியது. ஆண்கள் முன்போல அடிக்கடி மழித்துக்கொள்வதில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டே கொரோனா வந்து, முகக்கவசத்துக்குப் பின்னால் எவன் மழித்தான், எவன் மழிக்கவில்லை என்று தெரியாமல் செய்துவிட்டது.

ஆனால் தாடிக்கு முன்பே இந்தப் பாட்டிலுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. 1980இல் நிவியா நிறுவனம் எரிச்சல் தராத களிம்பைக் கொண்டுவந்தது. 1999இல் இந்தியாவுக்கு ஆக்ஸ் என்ற டியோடரண்ட் வந்தது. கோடாரித் தைலத்தோடு பெட்டியில் வந்த லோஷனை இன்னொரு கோடாரி வெட்டிச் சாய்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆணின் வாசனை கன்னத்தில் இருந்தது. பக்கத்தில் வந்தவருக்கு மட்டும் தெரியும், மதியத்துக்குள் கலைந்துவிடும். டியோடரண்ட் அதைக் கொண்டுபோய் அக்குளிலும் சட்டையிலும் வைத்தது. இப்போது மின்தூக்கிக்குள் மூன்று இளைஞர்கள் ஏறினால் நான்காவது ஆள் படிக்கட்டில் போவதே நல்லது. ஓல்டு ஸ்பைஸே கூட 2010இல் உலகெங்கும் பேசப்பட்ட விளம்பரத்தை எடுத்தது லோஷனுக்காக அல்ல, குளியல் திரவத்துக்காக. பெற்றவர்களே பிள்ளையைக் கைவிட்ட பிறகு ஊரை என்ன சொல்வது?

தோல் மருத்துவர்கள் சொல்வதையும் மறைக்க மாட்டேன். வறண்ட தோல், பருக்கள் உள்ள தோல், எளிதில் சிவக்கும் தோல் ஆகியவற்றுக்கு ஆல்கஹால் ஆகாது. சிலருக்கு வாசனைப் பொருளே ஒவ்வாமை தரும். பழைய லோஷன்கள் சிலவற்றில் இருந்த ‘மஸ்க் ஆம்ப்ரெட்’ என்ற வாசனைப் பொருள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கியதால் பின்னாளில் விலக்கப்பட்டது. அந்தக் காலம் எல்லாமே பொன் என்று பேச எனக்கு ஆசையில்லை. ஆல்கஹால் வேண்டாம் என்று அத்தரோடு நிறுத்திக்கொள்ளும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்கள் கன்னத்தில் வலுக்கட்டாயமாக அறையச் சொல்லவில்லை.

என் புகார் அந்தக் கல்லைப் பற்றியது.

லோஷன் பாட்டில் அலமாரியை விட்டுப் போனதும் அந்த இடத்தில் பல கடைகளில் வந்து உட்கார்ந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். களிம்பு பணக்காரக் கடைகளுக்குப் போனது. மற்ற இடங்களில் படிகாரக் கல் ஒன்றே மிஞ்சியது. படிகாரம் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. தோலைச் சுருக்கும், ரத்தத்தை நிறுத்தும். பல ஊர்களில் உங்கள் தொழிலின் முன்னோரைப் பண்டிதர் என்றும் மருத்துவர் என்றும்தான் அழைத்தார்கள். கத்தியோடு மருந்தும் அவர்கள் பையில் இருந்தது. அந்த மருந்தறிவு இருந்தவர்கள் ஒரே கல்லை ஊர் முகங்கள் அத்தனையிலும் தேய்க்கலாமா என்று இன்று இருந்தால் யோசித்திருப்பார்கள். ஒருவரின் வெட்டுக்காயத்தில் பட்ட ஈரக்கல் அடுத்தவரின் வெட்டுக்காயத்துக்குப் போகிறது. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் முடிதிருத்துவோருக்கான விதிகள் இந்தக் கல்லை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. நீராகவோ தூளாகவோதான் போட வேண்டும்.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் நடத்திய ஆய்வில் அது வெளிப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆளுக்கொரு பிளேடு என்ற வழக்கத்துக்கு நீங்கள் மாறினீர்கள். தீட்டித் தீட்டி ஒரே கத்தியால் ஊருக்கே மழித்த தொழில், சில ஆண்டுகளில் அந்தக் கத்தியைக் கீழே வைத்தது. அதைச் செய்தவர்கள் கல்லை மட்டும் ஏன் இன்னும் கையில் வைத்திருக்கிறீர்கள்?

பாட்டிலின் அருமை இங்கேதான். அது யார் முகத்தையும் தொடுவதில்லை. கழுவிய கைக்கு ஊற்றுகிறீர்கள், கையிலிருந்து கன்னத்துக்குப் போகிறது, மிச்சம் காற்றோடு போய்விடுகிறது. அதற்காக அதைக் கிருமிநாசினி என்று சொல்லி விற்க வேண்டாம். நோயிலிருந்து காப்பது புதுப் பிளேடும் சோப்புப் போட்டுக் கழுவிய கையும்தான். லோஷன் அந்த வேலையைக் கெடுக்காமல் இருக்கிறது, அவ்வளவே. வெட்டு விழுந்தவருக்குப் படிகாரத் தூளைப் பஞ்சில் தொட்டு வைத்துவிட்டுப் பஞ்சைக் குப்பையில் போடுங்கள்.

ஆகவே ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். களிம்பும் இருக்கட்டும், வறண்ட தோல்காரர்களுக்கு உதவும். ஊற்றுவதற்கு முன்னால் “போடலாமா, எரியும்” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதினெட்டு வயதுப் பையன் முதல்முறை வந்தால் கட்டாயம் கேளுங்கள். அவன் தலையாட்டினால், எப்படியும் ஆட்டுவான், அப்புறம் உங்கள் பாடு, அவன் பாடு. செலவைச் சொல்லித் தப்பிக்கவும் இப்போது வழியில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஆஃப்டர் ஷேவுக்கு 28 சதவீத வரி. அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் வெறும் 5 சதவீதம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் அலமாரியில் அந்தக் கப்பல் பாட்டிலைப் பார்த்து மகிழ்ந்து, கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். எரியவும் இல்லை, மணக்கவும் இல்லை. வண்ணம் கலந்த தண்ணீரும் கொஞ்சம் ஸ்பிரிட்டும். பழைய பாட்டிலில் எதையோ நிரப்பி வைத்திருந்தார்கள். வெளியில் பெயர் இல்லாத கேன்களில் விற்கிற எதையும் மனிதர் முகத்தில் ஊற்ற வேண்டாம். அதில் மெத்தனால் கலந்திருந்தால் தோல் வழியாகவும் உள்ளே போகும். வாங்க முடியாவிட்டால் பச்சைத் தண்ணீர் போதும். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

இப்போது பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தம்பிகள் பலர் உங்கள் கடைகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த மடலைப் படித்துச் சொல்லுங்கள். படித்துச் சொல்ல நேரமில்லை என்றால் கல்லை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள், போதும்.

எங்கள் தெருமுனைக் கடைக்கார அண்ணனுக்குத் தனியாக ஒரு வரி: ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன். 100 மில்லி பாட்டில் ஒன்று கையோடு கொண்டு வருவேன். உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும், கேட்பவர்களுக்கெல்லாம் போடுங்கள். மூடியை மட்டும் ஒவ்வொரு முறையும் இறுக்கி மூடுங்கள், ஆவியாகிவிடும்.

இப்படிக்கு,
ஜன்னலோர நாற்காலிக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளன்