எட்டு போட்டது நான், கார் என்னுடையதில்லை

செந்தூல், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லோரும் நலமா? நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, பையன் சிவப்புக் கார் வாங்கிவிட்டான் என்று பெரியப்பா நாமக்கல் முழுக்கச் சொல்லிவிட்டாராமே! தங்கச்சி போனில் சிரிக்கிறாள். கார் என்னுடையதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி நீங்கள் லாரியின் பின் அச்சுப் பல்சக்கரமான கிரவுன் பினியனோடு வாழ்ந்தவர், உங்களுக்கு முழுக்கதையும் வேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

அது பட்டறைக்கு வந்த அமெரிக்க மஸில் கார். எட்டு சிலிண்டர், 5 லிட்டர் இன்ஜின். கிட்டத்தட்ட நம்ம லாரி இன்ஜின் அளவு, ஆனால் வசதியாக உட்கார இரண்டே பேருக்குத்தான் இடம். பழைய வண்டியாக வாங்கியவர் சைலன்சர் சத்தத்தில் மயங்கிவிட்டார். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றிலும் குறை.

கியரைப் 'பார்க்'கிலிருந்து 'ரிவர்ஸு'க்குப் போட்டால் அடியில் 'டொக்' என்று ஒரு அடி. லிஃப்டில் தூக்கி, கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கினேன். ஆட்டம். ஷாஃப்ட் மூட்டில் இருக்கிற கிராஸ் தேய்ந்துபோயிருந்தது. நீங்கள் சங்ககிரியில் எனக்குக் காட்டிக்கொடுத்த அதே சோதனை. அதை மாற்றியாயிற்று.

அடுத்தது, மால் பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி ஏறும்போது பின்பக்கம் 'கடகட'வென்று முனகல். திருப்பத்தில் இரண்டு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் போச்சு என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இது நம் லாரி ஹவுசிங் மாதிரி இல்லை அப்பா. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் இருக்க, உள்ளே சின்னச் சின்ன கிளட்ச் பிளேட்டுகள் உண்டு. அந்தப் பிளேட் வழுக்கிக்கொடுக்க, கியர் ஆயிலோடு தனியாக ஒரு சின்ன பாட்டில் மருந்து ஊற்ற வேண்டும். முன்பு ஆயில் மாற்றியவர் அதை ஊற்றவில்லை. நாங்கள் வடித்து, சரியான ஆயிலும் மருந்தும் ஊற்றினோம். அது பிளேட்டுகளுக்குள் இறங்க மெதுவாக எட்டு போட வேண்டும். லைசன்ஸுக்குப் போடுவோமே, அதே எட்டு! காலை ஆறரை மணிக்கு, இன்னும் இருட்டாகவே இருந்தது, காலி மைதானத்தில் சுற்றிக்கொண்டே இருந்தேன். முதல் பத்து சுற்று முனகியது, அப்புறம் அடங்கிவிட்டது. வெளிச்சம் வந்ததும் கூட வேலை செய்யும் பையன் எடுத்ததுதான் அந்தப் படம்.

மூன்றாவதுதான் இன்னும் இழுக்கிறது. 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் போனால், ரோட்டில் வரிவரியாகப் போட்ட மேட்டின் மேல் போவது மாதிரி வண்டி நடுங்குகிறது. ஆட்டோமேட்டிக் என்பதால் கிளட்ச் பெடல் இல்லை. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில்தான் தள்ளிச் சுற்ற வைக்கும். வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பிளேட் போய் ஒட்டிக்கொள்ளும். ஆயில் கெட்டால் அது ஒட்டியும் ஒட்டாமலும் அதிரும்.

இதில் ஆயில் பார்க்க டிப் ஸ்டிக்கே கிடையாது. இன்ஜின் ஓட, ஆயில் அளவான சூட்டில் இருக்கும்போது, அடியில் பிளக்கைக் கழற்றி நூல் மாதிரி வழிகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே இன்ஜின் ஆயிலை 'மினியாக் ஹித்தாம்', அதாவது கறுப்பு எண்ணெய் என்பார்கள். சிவப்பாக வர வேண்டிய கியர் பாக்ஸ் ஆயிலும் கறுப்பாகவே வந்தது, கருகிய வாடையோடு. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்றவர் சொன்னாராம். இந்த வெயிலிலும் ஜாமிலும் ஊர்கிற வண்டிக்கு யாருடைய ஆயுளோ! ஒரு முறை வடித்தால் பாதி கன்வெர்ட்டரிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு முறை மாற்றிவிட்டோம். நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை.

ஜப்பான் வண்டியாக இருந்தால், பாதியாக வெட்டி இறக்கிய கார்களை விற்கிற 'ஹாஃப் கட்' கடைக்குப் போய் மத்தியானத்துக்குள் சாமான் வாங்கிவிடலாம். இதற்குக் கன்வெர்ட்டர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை வண்டி எங்கள் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதன் சொந்தக்காரர் சனிக்கிழமைதோறும் வந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுவிட்டுப் போகிறார். திட்டவும் மனம் வரவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேனே. இங்கே மெக்கானிக்கை 'போர்மேன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்த முதல் நாளே நான் போர்மேன். சம்பளம் மட்டும் பழையபடிதான். பெரியப்பாவிடம் இதை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பணம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும். காதில் வைத்துப் பேரிங் சத்தம் கேட்பீர்களே, அந்த நீள ஸ்குரூ டிரைவரை அடுத்து வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் மகன்,
முருகேசன்